வாட்கின்ஸ் அம்மா

கிளெண்டா பிராஸருக்கு உட்கார வராது. சிலருக்குப் பாட வராது, சிலருக்குக் கணக்கு வராது, அவளுக்கு உட்கார வராது. டீயைப் போட்டு ஜன்னலோரம் வைப்பாள். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போவாள். அங்கிருந்து கோழிக்கூடு, கோழிக்கூட்டிலிருந்து குப்பைத்தொட்டி, பிறகு எதற்கு வந்தோம் என்ற யோசனை. திரும்பி வரும்போது டீயில் ஏடு படிந்திருக்கும். கிட்லி கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்த காலம் முழுக்க நின்றபடியே சாப்பிட்டவள் அவள். ஓய்வு பெற்ற நாளில் எல்லாரும் சேர்ந்து ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். இஸ்திரி போட வேண்டிய துணிதான் இன்றுவரை அதில் உட்கார்ந்திருக்கிறது.

புருஷன் ராய் லாரி ஓட்டியவன். "உன்கூட வீட்ல இருக்கறதுக்கு ரோட்டுலயே இருந்துடலாம். அங்கயாவது சிகப்பு விளக்கு எரிஞ்சா எல்லாரும் ஒரு நிமிஷம் நிக்கறாங்க" என்பான். தக்காளி ஏற்றி வர ஸ்பெயினுக்குப் போனவன், ஒரு நாள் அங்கேயே நின்றுவிட்டான். கிளெண்டா அழவில்லை. வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள். அடித்து முடித்த பிறகும் கை பரபரத்ததால் ஒரு நாய் வாங்கினாள்.

காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு லாப்ரடார் குட்டி. பள்ளிக்கூடத்தில் வாட்கின்ஸ் என்று ஒரு தலைமையாசிரியர் இருந்தார். மத்தியானம் புட்டிங் சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை தட்டைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார். முதல் தடவை இல்லாத பரிதாபமெல்லாம் அப்போது அவர் முகத்தில் வந்து கூடிவிடும். குட்டி முதல்நாளே அதே முகத்தை வைத்துக்கொண்டு கிண்ணத்துக்கு முன்னால் நின்றது. வேறு பெயர் யோசிக்கத் தேவைப்படவில்லை. வாட்கின்ஸ் என்றே கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வாட்கின்ஸ் குடும்பம் உண்டு. அதனால் நாயை அதட்டும்போது அக்கம்பக்கம் பார்த்துத்தான் அதட்டுவாள்.

காலையில் நாயை இழுத்துக்கொண்டு கிளம்பினால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் தோப்பு, அதைத் தாண்டி ஆட்டு மேய்ச்சல், மேய்ச்சலின் எல்லையில் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி. அதற்கு அந்தப் பக்கம் ஆஷ்கோட் கிராமத்து நிலம். ஒற்றையடிப் பாதை வேலியைக் கடக்கும் இடத்தில் ஒரு வேலிப்படி. குறுக்கே இரண்டு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பம், அவ்வளவுதான். மனிதர்கள் ஏறி இறங்கலாம். ஆட்டுக்குட்டி நுழையக் கூடாது என்று அடியில் கம்பிவலை அடித்திருந்ததால் நாய்க்கு வழியில்லை. தாவினால்தான் உண்டு. வாட்கின்ஸ் தாவாது. குட்டியாக இருந்தபோது ஒரு தடவை பலகைக்கும் கம்பத்துக்கும் நடுவே இடுப்பு மாட்டிக்கொண்டு ஊளையிட்டது. அன்றிலிருந்து படியைக் கண்டாலே உட்கார்ந்துவிடும். முன்னங்கால்களைப் பலகைமேல் தூக்கி வைத்து, பின்புறத்தைத் தோளால் முட்டி, திட்டிக்கொண்டே அதை அந்தப் பக்கம் தள்ளுவாள் கிளெண்டா.

அப்படி ஒரு நாள் முட்டிக்கொண்டிருந்தபோதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். ஒல்லியான ஆள், வயது எழுபதை ஒட்டி. கோட்டில் பொத்தான் இல்லை. வைக்கோல் கட்டுகிற ஆரஞ்சுக் கயிற்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். முன்பல் ஒன்று இல்லை. காலடியில் ஒரு சின்ன வெள்ளை டெரியர் நாய்.

"ஒரு கை புடிக்கட்டுமாம்மா?" என்றார்.

"வேண்டாம். யார்கிட்டயும் சும்மா உதவி வாங்கிக்கிற பழக்கமில்ல எனக்கு" என்றாள் கிளெண்டா, நாயின் வாலுக்கு அடியிலிருந்து.

அவர் குனிந்து காலடியிலிருந்த டெரியரைப் பார்த்தார். பிறகு, "சும்மா வேண்டாம்மா. என் பையன் பட்டனுக்கு முழங்கால் சரியில்ல, தாவ முடியாது. நீங்க பட்டனை வாங்கிக்குங்க, நான் உங்காளை வாங்கிக்கறேன்" என்றார்.

அது நியாயமான பேச்சாகப் பட்டது. டெரியரை அவர் பலகைக்கு மேலாக நீட்டினார். அவள் அதை ஒரு கையால் வாங்கி இந்தப் பக்கம் இறக்கினாள். அவர் வாட்கின்ஸின் முன்னங்கால்களைத் தோளில் போட்டு இழுக்க, அவள் பின்னாலிருந்து தள்ள, நாய் அந்தப் பக்கம் போய் விழுந்தது. இரண்டு பேரும் தலையசைத்துவிட்டு, அவரவர் வந்த திசைக்கு எதிர்த்திசையில் போனார்கள். வீடு திரும்ப அவளுக்குத் தார்ச்சாலை இருந்தது. மறுநாளும் அதே நேரத்தில் அவர் அங்கே நின்றார். அதற்கடுத்த நாளும்.

எட்டு வருடம் அப்படி நடந்தது. இந்த எட்டு வருடத்தில் பட்டனுக்கு எந்தக் காது கேட்காது, எந்தக் கடையின் சாசேஜ் ஒத்துக்கொள்ளாது, இடி இடித்தால் எந்தக் கட்டிலுக்கு அடியில் ஒளியும் என்பதெல்லாம் கிளெண்டாவுக்கு அத்துப்படி. அந்த மனிதரின் பெயர் தெரியாது. எங்கள் ஆட்களைக் குறை சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். நாயின் பேரைக் கேட்பார்கள், வயதைக் கேட்பார்கள், பேதி எப்படியிருக்கிறது என்றுகூட நடுத்தெருவில் நின்று கேட்பார்கள். மனிதனின் பேரைக் கேட்பதென்றால் மட்டும் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி கூசிப்போவார்கள். முதல் நாள் கேட்காமல் விட்டால் இரண்டாம் நாள் கேட்கலாம். ஒரு வருடம் ஆன பிறகு கேட்டால், இத்தனை நாள் கேட்கவில்லையே என்று ஆகிவிடும். அதற்குப் பயந்துகொண்டு கடைசிவரை கேட்பதே இல்லை. அவள் அவரை பட்டன் அப்பா என்றாள். அவர் அவளை வாட்கின்ஸம்மா என்றார்.

கோட்டையும் பல்லையும் வைத்து அவருக்கு ஒரு வாழ்க்கையைக் கிளெண்டாவே கட்டிக் கொடுத்திருந்தாள். ஏதோ பண்ணையில் கூலிக்கு இருந்தவர், கல்யாணம் ஆகாதவர், ஒற்றை அறையில் டின் சூப்பைச் சூடு பண்ணிக் குடிக்கிறவர். அதனால் மழை நாட்களில் அவள் சட்டைப்பையில் இரண்டு வில்லை ப்ரெட் புட்டிங் இருக்கும். அவருடைய பையில் வாட்கின்ஸுக்கு சாசேஜ் துண்டு இருக்கும்.

அக்டோபரில் ஒரு காலை. முந்தின நாள் மிருக டாக்டர் வாட்கின்ஸை எடை போட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் இன்னும் கொஞ்சம் நடை வேணும்" என்று அவளையும் சேர்த்துப் பார்த்திருந்தார். அந்த எரிச்சல் தீராமல்தான் வேலிப்படிக்கு வந்தாள். அவர் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். பட்டனைக் கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டாள். வாட்கின்ஸை இழுத்து அந்தப் பக்கம் சேர்ப்பதற்குள் இரண்டு தடவை விட்டுவிட்டார்.

"வாட்கின்ஸம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"இனிமே என்னால தூக்க முடியாதும்மா. ரொம்பக் கனக்குது."

"கனக்குதா? தினமும் சாசேஜைப் போட்டு வளத்துவிட்டது யாராம்?"

"ஐயோ, நான் அதைச் சொல்லலம்மா…"

"நீங்க எதைச் சொன்னீங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். உங்களைக் கெஞ்சினேனா நான்? எங்க ரெண்டு பேரையும் இனிமே ஒருத்தரும் தூக்க வேண்டாம்."

படியேறி இறங்கி, நாயை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். "வாட்கின்ஸம்மா!" என்று பின்னாலிருந்து இரண்டு தடவை குரல் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்கத் தார்ச்சாலையில் நடந்தாள். கார்கள் சேற்றை வாரி அடித்தன. தோப்புக்குத் திரும்பும் முனையில் வாட்கின்ஸ் தினமும் உட்கார்ந்துகொண்டது. "அந்த ஆளுக்கு நீ கனக்கறியாம், தெரியுமா? மானம் ரோஷம் எதாவது இருக்கா உனக்கு?" என்று திட்டி இழுத்தாள். வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரிகளை ஒழித்தாள், ஒழித்ததையே திரும்ப அடுக்கினாள். கோபம் இறங்கிவிட்டது என்பது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தபிறகும் மூன்று நாள் வீறாப்பாகத் தார்ச்சாலையிலேயே நடந்தாள். அந்த மூன்று நாளை நினைத்தால்தான் இப்போதும் அவளுக்கு ஆறவில்லை.

ஒருவழியாக ப்ரெட் புட்டிங் சுட்டாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது, திராட்சையை இரண்டு பிடி அதிகம் போடத்தான் வரும். சூட்டோடு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலிப்படிக்குப் போனாள். அவர் இல்லை. கால்மாற்றி நின்று பார்த்தாள், பலகையில் ஏறி ஆஷ்கோட் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஆடுகள்தான் இருந்தன. புட்டிங்கைத் தானே நின்றபடி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாளும் இல்லை. ஜலதோஷமாக இருக்கும். அதற்கு மறுநாள், கோபமாக இருக்கும். இருக்கட்டுமே, எனக்கு மட்டும் கோபம் இல்லையா? ஆனால் வாட்கின்ஸ் படிக்கு முன்னால் உட்கார்ந்து, புட்டிங்குக்காகத் தலைமையாசிரியர் காட்டிய அதே முகத்தை வேலியைப் பார்த்துக் காட்டியது. அவர் ஒருவேளை என்னைப் பார்த்துவிடாமல் இருப்பதற்காக வேறு வழியில் போகிறாரோ? எட்டு வருடப் பழக்கத்தை ஒரு வாயாடித்தனத்தில் உடைத்துவிட்டேனோ? படுத்தால் அந்தக் குரல் கேட்டது. இரண்டு தடவை கூப்பிட்டாரே, ஒரு தடவை திரும்பியிருக்கக் கூடாதா?

விசாரிக்கலாம். ஆனால் யாரென்று விசாரிப்பது? கடைக்கார நோராவிடம் போய் நின்றால், "பேரு என்ன?" என்பாள். தெரியாது என்றால், அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க, கிளெண்டா பேர் தெரியாத ஆம்பளையைத் தேடி அலைகிறாள் என்று ஆகிவிடும். ஆஷ்கோட்டுக்கே போய்ப் பார்க்கலாம். போய், அவர் கதவைத் திறந்து, "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டால்? இப்படியே கிளம்புவதும் தோப்பு முனையில் நின்று திரும்புவதுமாக நாட்கள் போயின.

ஒரு வியாழக்கிழமை, சாலையில் நடக்க இடமில்லாமல் சர்ச்சின் இரண்டு பக்கமும் கார்கள். ஆஷ்கோட் சர்ச்சைப் பூட்டியதிலிருந்து அந்த ஊர்ச் சாவுகளும் எங்கள் கிட்லிக்குத்தான் வருகின்றன. கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து போனபோது வாட்கின்ஸ் ஒரு நீலநிறக் காரின் மேல் முன்னங்கால்களை வைத்துக் கதவைப் பிறாண்டியது. உள்ளே பின் இருக்கையில் ஒரு பழைய கம்பளியைத் தவிர ஒன்றுமில்லை. பெயின்ட் போயிற்றோ என்ற பயத்தில் அவள் நாயைக் கழுத்தோடு பிடித்து இழுத்து, சர்ச்சை ஒட்டியிருந்த நோராவின் கடைக்குள் நேராக நுழைந்தாள்.

"யாருக்கு நோரா இவ்ளோ கூட்டம்?"

"ஆஷ்கோட் பல் டாக்டரு. கார்சைட். ஹெரிஃபோர்டுல பெரிய க்ளினிக் வச்சிருந்தாரே. உனக்குத் தெரியாதா?"

"எனக்கெதுக்குத் தெரியணும் பல் டாக்டரை? செத்தவருக்கு இத்தனை காரா? மனுஷங்க நடக்க வேண்டாமா இந்தத் தெருவுல?"

"மெதுவாப் பேசு, கேக்கப் போவுது."

"கேக்கட்டும்" என்றாள் கிளெண்டா. முட்டையும் மாவும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் அவளால் தாங்க முடியவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வேலிப்படிக்குப் போய், வாட்கின்ஸைத் தனியாளாக முட்டித் தள்ளினாள். நாய் அந்தப் பக்கம் விழுந்தது, அவள் இந்தப் பக்கம் சேற்றில் விழுந்தாள். முழங்கை வரை சேறோடு ஆஷ்கோட் தெருவில் ஏறினாள். முதல் வீட்டு வாசலில் ஒருவர் ஏணியில் நின்று வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் பட்டன்னு ஒரு நாய் இருக்குமே, வெள்ளையா, சின்னதா?"

"பட்டனா? நம்ம பட்டன்!" ஏணியில் நின்றவர் முகம் மலர்ந்தது. "அந்தப் பச்சைக் கதவு. டாக்டர் வீடு."

"டாக்டர் இல்லைங்க. கோட்டைக் கயித்தால கட்டியிருப்பாரே, ஒரு பல்லுகூட…"

"அவருதாம்மா. ஊர்ப் பல்லெல்லாம் பாத்தவரு, தன் பல்லை வேற டாக்டர்கிட்டக் காட்டப் பயம். போன வாரம்தானே உங்க சர்ச்சுல வச்சு அடக்கம் பண்ணோம்."

கடையில் சொன்னது கிளெண்டாவுக்குத் திரும்பக் கேட்டது. செத்தவருக்கு இத்தனை காரா. தன் வாயாலேயே சொன்னது. சர்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே அவர் பெட்டியில் இருக்கும்போது சொன்னது. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் வாட்கின்ஸ் பச்சைக் கதவை அடைந்து, நீலக் காரைப் பிறாண்டிய அதே வேகத்தில் பிறாண்டத் தொடங்கியிருந்தது. அந்தக் காரும் அங்கேதான் நின்றது.

கதவைத் திறந்தவள் ஐம்பது வயதுக்காரி, அதே ஒல்லி உடம்பு. அவள் காலுக்கு நடுவிலிருந்து பட்டன் பாய்ந்து வந்து வாட்கின்ஸின் மேல் ஏறியது.

"நான்…" என்றாள் கிளெண்டா. எப்படிச் சொல்வது? "நான் வந்து, வாட்கின்ஸோட…"

கதவைத் திறந்தவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மிசஸ் வாட்கின்ஸா? நீங்கதானா? எங்கெல்லாம் தேடினேன் உங்களை!"

அவர் மகள் ஜூடித். பிரிஸ்டலிலிருந்து வந்து, வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கடைசியாகப் பேச்சு இருந்தபோது ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

"வாட்கின்ஸம்மாகிட்டச் சொல்லிடு, அவங்க குண்டு இல்ல, எனக்குத்தான் தெம்பு இல்லன்னு. இதைத்தான் சொல்லிட்டே இருந்தாரு. சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு ஊர்லயும் இருக்கற அத்தனை வாட்கின்ஸ் வீட்டுக்கும் போனேன். கதவைத் தட்டி, எங்கப்பா நீங்க குண்டு இல்லன்னு சொல்லச் சொன்னாருன்னு சொன்னேன். ஒருத்தி முகத்துலயே கதவைச் சாத்தினா. ஒரு கிழவி, ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. சர்ச்சுலகூட எழுந்து கேட்டேன், மிசஸ் வாட்கின்ஸ் வந்திருக்காங்களான்னு. அஞ்சு பேரு எழுந்தாங்க. நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

கிளெண்டா, பட்டன் தள்ளிவிட்டதில் கீழே மல்லாந்து கிடந்த நாயைச் சுட்டிக் காட்டினாள்.

"அதான் வாட்கின்ஸ்" என்றாள்.

ஜூடித் நாயைப் பார்த்தாள். கிளெண்டாவைப் பார்த்தாள். சிரிப்பு முதலில் யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது. சேறு படிந்த சட்டையோடு கிளெண்டா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஜூடித்தும் அழுதாள். கோடையிலேயே அப்பாவுக்கு இதயம் கெட்டுப்போனது தெரிந்துவிட்டது, கெட்டிலைக்கூட இரண்டு கையால் தூக்குங்கள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள் என்றாள். அந்தக் கோடை முழுக்க அவர் வாட்கின்ஸைத் தோளில் போட்டு இழுத்தார்.

"பட்டனை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள், கேட்க வேறொன்றும் தோன்றாமல்.

"என் ஃப்ளாட்டுல நாய் வச்சுக்க விடமாட்டாங்க. அனாதை நாய்ங்களைப் பாத்துக்கற இடத்துலேர்ந்து நாளைக்கு வர்றாங்க."

"யாரும் வர வேண்டாம். அதோட வாரை எடு. அந்தக் கம்பளியையும் எடு."

வேலிப்படி வரைக்கும் ஜூடித் கூடவே வந்தாள். நகரத்துச் செருப்பு, ஒவ்வொரு அடிக்கும் சேறு உறிஞ்சியது. வாட்கின்ஸ் வழக்கம்போலப் படியைக் கண்டதும் உட்கார்ந்தது.

"நீ பின்னாலேர்ந்து தள்ளு, நான் அந்தப் பக்கம் போய் வாங்கிக்கறேன். முதல்ல பட்டனைக் குடு. பாவம், அதுக்கு முழங்கால் சரியில்ல" என்றாள் கிளெண்டா.

"யாருக்கு முழங்கால்?"

ஜூடித் கேட்டு முடிப்பதற்குள் பட்டன் பலகைக்கு மேலாகப் பறந்தது. கால்கூடப் படவில்லை. அந்தப் பக்கம் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இவர்கள் ஏன் இன்னும் வரவில்லை என்பது போலத் திரும்பிப் பார்த்தது.

"முழங்காலா? சமையல் மேடையில ஏறி வெண்ணெயைத் திங்கற நாய் அது. குட்டியிலேர்ந்தே அப்படித்தான். யாரு சொன்னது உங்களுக்கு?"

கிளெண்டா கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். எட்டு வருடம். மழையிலும் பனியிலும், தாவத் தெரிந்த நாயை அந்த மனிதர் தினமும் கைநீட்டிக் கொடுத்தார். அதை அவள் தினமும் பத்திரமாக இறக்கிவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாக நடந்துபோனாள்.

"உங்கப்பா பேரு என்ன?" என்றாள்.

"லெனார்ட்."

"லெனார்ட்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள் கிளெண்டா. பிறகு அந்த ஈரப் பலகையிலேயே உட்கார்ந்தாள்.